நாலு விநாடிப் படம்

லயனல் கொடகந்த சார் ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. அவர் மேல் எனக்குள்ள கோபம் மட்டும் இன்னும் வேலையில்தான் இருக்கிறது. கோபத்தோடு கூடவே பரிதாபமும் வந்து தொலைப்பதுதான் கொடுமை. இரண்டில் ஒன்று மட்டும் வந்தால், வாயாரத் திட்டிவிட்டோ அழுதுவிட்டோ நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

தேசியத் தொலைக்காட்சியில் அவர் செய்திப் பணிப்பாளர். நான் அவருக்குக் கீழே படம் வெட்டுகிறவள், பெயர் குசும். கெமராக்காரர்கள் வெளியே போய் எடுத்துக்கொண்டு வரும் டேப்பைப் போட்டுப் பார்த்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்டு, எட்டு மணிச் செய்திக்கு ஆக்கித் தர வேண்டும். வேண்டியது எது, வேண்டாதது எது என்று சொல்வது அவர் வேலை. அந்த வேலையில் அவரை அடிக்க இந்தக் கொழும்பில் ஆள் கிடையாது.

எங்கள் இடத்தில் ஆட்சி மாறினால் ஆட்களும் மாறுவார்கள். தலைவர் போவார், முகாமையாளர் போவார், ஒரு தடவை வாசலில் நின்ற காவலாளியைக் கூட மாற்றினார்கள். அவன் யாருக்கு வாக்குப் போட்டான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்களோ தெரியாது. லயனல் சார் மட்டும் போகமாட்டார். புதிதாக வருகிற அமைச்சர் முதல் வாரம் அவரை முறைப்பார், இரண்டாம் வாரம் கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார். வானொலியில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிய மனிதர் இப்படித்தான் படிப்படியாக மேலே வந்தார்.

"செய்தி எண்டுறது கல்யாண வீட்டு மேசை மாதிரி, குசும்" என்பார். "யாரை எங்க உக்கார வைக்கிறோம் எண்டதுதான் முக்கியம். சாப்பாடு எப்பிடி இருந்தாலும் யாரும் கோவிக்கமாட்டாங்க. இடம் மாறினா மட்டும் ஏழு பரம்பரைக்கு மறக்கமாட்டாங்க."

முதலில் ஜனாதிபதி. பிறகு பிரதமர். பிறகு அமைச்சர்கள், அதிலும் பெரியவர் சின்னவர் பார்த்து. பிறகு பெரிய பௌத்த தேரர்கள். அதற்குப் பிறகுதான் வெள்ளம், மண்சரிவு, பஸ் கவிழ்ந்தது எல்லாம். கடைசியில் கிரிக்கெட்டும் மழையும். ஒரு தடவை ரயில் தடம் புரண்டு நிறையப் பேர் செத்துப்போனார்கள். காலையில் நடந்த விபத்து, மாலையில் அமைச்சர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் கட்டிலாக விசாரித்த பிறகுதான் எங்களுக்குச் செய்தியானது.

"நான் செத்தாலும் மழைக்குப் பிறகுதான் போடுவாங்க" என்பான் என்னை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிடும் கெமராக்கார ஜினதாச. "அதுவும் யாராவது ஒரு மந்திரி மலர்வளையம் வைச்சாத்தான். குசும் நங்கி, எனக்காக ஒரு துணை மந்திரியையாவது பிடிச்சு வைங்க."

பிறகு அந்தப் பொல்லாத வருடங்கள் வந்தன. ஒரு பக்கம் அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குப் போன பையன்கள் ஆட்களைச் சுட்டார்கள், கடையைத் திறக்காதே என்றார்கள். மறுபக்கம் சீருடை போட்டவர்களும் போடாதவர்களும் வந்து பையன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் தெருவோரத்தில் கிடந்தார்கள், இல்லாவிட்டால் எங்குமே இல்லை. இருபது வயதில் பிள்ளை இருந்த வீடுகளில் வாசலில் ஒரு வண்டி நின்றாலே பெற்றவர்களுக்கு நெஞ்சு அடைத்தது.

எட்டு மணிச் செய்தியில் இது எதுவும் வராது. பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வரும். அதில் உள்ளதை எழுத்து மாறாமல் வாசிப்போம். அந்தக் காலத்தில் சார் ஒரு விதி வைத்திருந்தார். படையினரின் வண்டி திரையில் வரக்கூடாது, தப்பித்தவறி வந்தாலும் அதன் இலக்கத் தகடு தெரியக்கூடாது. நான் வெட்டியதைப் போட்டுக் காட்டும்போது கதிரையில் சாய்ந்துகொண்டு பார்ப்பார். பாதிக் கண் மூடியிருக்கும். தகடு ஒன்று மூலையில் தெரிந்துவிட்டால் போதும், மேசையில் விரலால் ஒரு தட்டு. "தகடு. வெட்டு." அவ்வளவுதான். எனக்கும் அது பழகிப்போயிற்று. எங்கள் எல்லோருக்கும் எல்லாமும் பழகிப்போயிருந்த காலம் அது.

ஒரு வியாழக்கிழமை காலை என் அறைத் தொலைபேசி அடித்தது. சாருடைய மனைவி சோமலதா. பள்ளிக்கூட ஆசிரியை, மெதுவாகப் பேசுகிறவர். அன்று அதைவிட மெதுவாகப் பேசினார்.

"நங்கி, ருச்சிர அந்தப் பக்கம் வந்தானா?"

ருச்சிர அவர்களுடைய ஒரே பிள்ளை. பல்கலைக்கழகத்தை மூடிவிட்டதால் வீட்டில் இருந்தான். எப்போதாவது எங்கள் கந்தோருக்கு வருவான், ஜினதாசவின் தோளில் தொங்கிக்கொண்டு கெமராவுக்குள் பார்ப்பான், கேன்டீனில் அப்பாவின் கணக்கில் மாலுபான் என்கிற மீன் பணிஸ் தின்பான்.

"இல்லையே மெடம். ஏன்?"

"செவ்வாய்க்கிழமை காலையில கம்பஹாவில அவன்ட மாமி வீட்டுக்குப் போறேன் எண்டு பஸ் ஏறினான். அங்க போய்ச் சேரல்ல. இவர் யாருக்கும் சொல்லாதே எண்டு சொல்லியிருக்கார். நீங்களும் சொல்ல வேணாம்."

நான் சாருடைய அறைக்குப் போனேன். அவர் ஜனாதிபதியின் உரையில் எந்த மூன்று வாக்கியத்தைப் போடுவது என்று குறித்துக்கொண்டிருந்தார்.  கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"செயலாளரிட்ட கேட்டுட்டேன்" என்றார் நிமிராமல். அமைச்சின் செயலாளர்தான் எங்களுக்கு மேலே. மேலே என்றால் வானத்துக்குக் கொஞ்சம் கீழே. "எல்லா முகாமிலயும் விசாரிச்சாராம். யாரும் பிடிக்கல்லயாம். ஒருவேளை உங்கட மகன் காட்டுப் பக்கம் போயிட்டானோ எண்டு என்னையே திருப்பிக் கேக்கிறார்."

"ருச்சிரவா? ஆள் சைக்கிள்ல கூட இருட்டுக்கு முதல் வீட்ட வந்திடுறவன்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? செய்திப் பணிப்பாளர்ட மகன் காட்டில எண்டு ஒருத்தன் எழுதிப் போட்டா, நானும் முடிஞ்சேன், அவனும் முடிஞ்சான்." பேனாவைக் கீழே வைத்தார். "வாயைத் திறந்திடாதே, குசும்."

பிள்ளையைக் காணவில்லை, அதை வெளியே சொல்லவும் வழியில்லை. இந்த நாட்டுக்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்கிற மனிதருக்கு அந்த நிலைமை.

அன்று மத்தியானம் ஒரு டேப் என் மேசையில் கிடந்தது. செவ்வாய்க்கிழமை கண்டி வீதிப் பக்கம் ஓர் அமைச்சர் பாலம் திறந்த படம். தன்னுடைய பாலம் முழுநிலாப் போயா தினத்தன்றுதான் செய்தியில் வரவேண்டும் என்று அமைச்சர் நாள் பார்த்துச் சொல்லியிருந்ததால் அதை யாரும் தொடவில்லை. மறுநாள் போயா. வெட்டுவோம் என்று போட்டேன். மேளம், நாடா வெட்டு, புதுச் சட்டியில் பால் பொங்குகிறது, அமைச்சர் பாலைப் பார்க்கிறார், பால் அமைச்சரைப் பார்க்கிறது. முடிந்ததும் நிறுத்தப் போனேன். ஜினதாசவுக்கு ஒரு பழக்கம், திரும்பி வரும்போது ஜீப்புக்குள் இருந்தே வழியில் கண்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு வருவான். படம் ஓடியது. தென்னந்தோப்பு, மூடிக் கிடந்த கடைகள், ஒரு சோதனைச் சாவடி. சாவடிக்குப் பக்கத்தில் படையினரின் லொறி. பின்தட்டில் பையன்கள் குந்தியிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஒருவன் எங்கள் ஜீப்பைப் பார்த்தான், கையைத் தூக்கினான், சிரித்தான். ஜீப் கடந்துவிட்டது. மொத்தம் நாலு விநாடி.

 திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அவன்தான்.

சாரைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினேன்.  சொல்லத் தைரியம் வரவில்லை, படமே சொல்லட்டும் என்று ஓடவிட்டேன். அவர் வழக்கம்போலச் சாய்ந்து உட்கார்ந்தார். லொறி வந்தது. விரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது.

"தகடு. வெட்டு."

"சார், தகட்டைப் பாக்காதீங்க" என்றேன்.  "பின்னால இருக்கிறது யாரெண்டு பாருங்க."

மறுபடி போட்டேன். இந்தத் தடவை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "இன்னொருக்கா" என்றார். போட்டேன். "இன்னொருக்கா." போட்டேன். எத்தனை தடவை போட்டேனோ தெரியாது, ஒவ்வொரு தடவையும் பையன் கையைத் தூக்கிச் சிரித்தான்.

"உயிரோட இருக்கான்" என்றார் கடைசியில். "செவ்வாய்க்கிழமை உயிரோட இருந்திருக்கான். அவங்கதான் பிடிச்சிருக்காங்க. பிடிக்கல்ல எண்டு என்னிட்டப் பொய் சொல்லியிருக்காங்க." பொய்க்கும் அவருக்கும் அன்றுதான் முதல் அறிமுகம் என்பது மாதிரிச் சொன்னார்.

"சார், இதை நாளைக்குப் போடுவம்."

"எதை?"

"இந்த நாலு விநாடியைத்தான். பாலம் திறந்த செய்தியோட கடைசியில ஒட்டிடுறேன். மேல இருக்கிறவங்க தடுக்க முதல் போயிடும். ஆனா நாடு முழுக்கப் பாத்திருக்கும். மாமி பாப்பாங்க, மெடம் பாப்பாங்க, அவனோட படிச்சவங்க பாப்பாங்க, வெளிநாட்டுத் தூதரகத்தில இருக்கிறவங்களும் பாப்பாங்க. லொறி நம்பரோட ஒரு பையனை ஊரே பாத்த பிறகு, நாங்க பிடிக்கல்ல எண்டு சொல்ல ஏலாது. அவனுக்கு ஒண்டும் செய்யவும் ஏலாது. நாளைக்கு வரைக்கும் கூட வேணாம், இண்டைக்கே போடுவம்."

"போட்டா நாளைக்கு நான் இந்தக் கட்டடத்தில இருக்கமாட்டேன்."

"அவன் இருப்பான் சார்."

அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார். அந்த ஒரு கணம் அவர் போடு என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். வாய் கூட அதற்குத் திறந்தது. பிறகு எங்கிருந்தோ அந்தப் பழைய லயனல் சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ சின்னப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறாய். போட்டா அவங்களுக்கு அவமானம். அவமானப்பட்டவன் கையில என்ட பிள்ளை இருக்கு. கோவத்தில முடிச்சிட்டு, எந்த லொறி, எந்தப் பையன் எண்டு கேப்பாங்க. இது அப்பிடிச் செய்யிற வேலை இல்ல. மெதுவாக் கேக்கவேணும். நான் கேட்டா குடுப்பாங்க, குசும். இத்தனை வருஷமா அவங்க கேட்ட எதுக்கு நான் இல்லை எண்டு சொல்லியிருக்கேன்?"

 அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நான் சொன்னபடி செய்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பான் என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாலு விநாடி என்றாலும் அது எங்கள் கையில் இருந்தது. கையில் இருந்தது அது ஒன்றுதான்.

செயலாளரோடு தொலைபேசியில் பேசும்போது சார் எப்போதும் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்றும் என் அறையில் எழுந்து நின்று பேசினார், ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"வணக்கம் சார். அண்டைக்குச் சொன்ன விஷயம்தான் சார். மகன்ட விஷயம். ஓம் சார். இப்ப ஒரு சின்ன விபரம் கிடைச்சிருக்கு. எங்கட டேப்பிலயே இருக்கு சார், லொறியில ஏத்தியிருக்கிறது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பார்த்தும் பார்க்கவில்லை.

"ஓம் சார், தகடு தெளிவாத் தெரியுது. இல்ல சார், யாரும் பாக்கல்ல. நானும் படம் வெட்டுற பிள்ளையும்தான். நம்பலாம் சார். கொப்பியா? ஐயோ, இல்ல சார். அப்பிடி எல்லாம் செய்யமாட்டோம்."

பேசி முடித்துக் கீழே வைத்தபோது அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே. மூன்று நாளாக இருட்டிக் கிடந்த முகம் விடிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு வந்திடுவானாம். கீழ இருக்கிற ஒருத்தன் செஞ்ச பிழையாம். செயலாளர் சரியா வருத்தப்பட்டார், குசும். பிடிச்சவன் யாரெண்டு கண்டுபிடிக்க டேப்பை அனுப்பச் சொன்னார்."

"அனுப்புங்க சார். அதுக்கு முதல் ஒரு கொப்பி எடுத்துத் தாறேன். பக்கத்து மெஷின் சும்மாதான் கிடக்கு. ஒரு நிமிஷம் போதும்."

"இல்லை எண்டு சொல்லிட்டேனே."

"சொன்னா என்ன சார்? அவருக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றார். "நாளைக்கு என்ட பிள்ளையை விட்டுக் குடுக்கிற மனுசனை இண்டைக்கு நான் ஏமாத்தவா? நாங்க அவங்களை நம்பினாத்தான் அவங்க எங்களை நம்புவாங்க."

நான் மெஷினுக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றேன். "சார், உங்க காலில விழுறேன், ஒரு கொப்பி." அவர் என்னை அதட்டவில்லை. தோளைப் பிடித்து மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு, பொத்தானை அழுத்தி, டேப்பை வெளியே எடுத்தார். யாரிடமும் கொடுத்து அனுப்ப மனம் வராமல், கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தானே காரில் கொண்டு போனார்.

எட்டு மணிச் செய்திக்கு நேரத்தோடு திரும்பி வந்துவிட்டார். அன்று கேன்டீனில் எல்லோருக்கும் தன் செலவில் மாலுபான் வாங்கிக் கொடுத்தார். ஜினதாசவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன சார், ஆட்சி மாறப்போகுதா? முதலே சொன்னீங்கண்டா நாங்களும் தாடியை வழிச்சிட்டு வருவோம்" என்றான். சார் வாய்விட்டுச் சிரித்தார். நான்தான் என் மாலுபானைத் தாளில் சுற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை டேப் திரும்பி வந்தது. அமைச்சின் உறையில் போட்டு, எங்கள் பெயர் எழுதி, மிகவும் ஒழுங்காக அனுப்பியிருந்தார்கள். சார் பார்த்ததும் மகிழ்ந்தார். "பாத்தியா? வேலை முடிஞ்சுது, அனுப்பிட்டாங்க" என்றார். மெஷினில் போட்டேன். திரையில் படத்துக்குப் பதிலாக வெறும் வெள்ளைப் புள்ளிகள், பூச்சி பறந்தது. ஓடவிட்டுப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரை பூச்சிதான். அமைச்சரும் இல்லை, பாலும் இல்லை, லொறியும் இல்லை, பிள்ளையும் இல்லை.

உறைக்குள் ஒரு சிறிய துண்டு இருந்தது. நன்றியுடன் திருப்பி அனுப்பப்படுகிறது, மீண்டும் பாவிக்கலாம் என்று தட்டச்சில் அடித்திருந்தார்கள். அப்போது டேப்புக்குத் தட்டுப்பாடு. வேலை முடிந்த டேப்பை அழித்துத் திரும்பப் பாவிப்பதுதான் எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததற்காக லயனல் சாரை அதே அமைச்சு ஒரு தடவை பாராட்டியும் இருந்தது. பாவிகள், அவரிடமிருந்து கற்றுக்கொண்டதை அவருக்கே செய்து காட்டினார்கள்.

சார் செயலாளருக்கு அழைத்தார். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி அழைத்தார். இன்னும் கூட்டம். அந்தக் கூட்டம் பிறகு ஒருநாளும் முடியவே இல்லை. பதிலுக்கு வந்த ஒரே அழைப்பு பாலம் திறந்த அமைச்சரின் வீட்டிலிருந்து. இன்றைக்கு எட்டு மணிக்குத்தானே நம்முடைய பாலம், அமைச்சர் சொந்தக்காரர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார், எத்தனையாவது செய்தி என்று கேட்டார்கள். சார் எழுந்து நின்றார். இயந்திரக் கோளாறு சார், படம் அழிந்துவிட்டது, முழுக்க என்னுடைய பிழைதான் சார், மன்னிக்கவேண்டும் என்று அரைமணி நேரம் கெஞ்சினார். மகனைக் காணவில்லை என்று கேட்டபோது கூட அவர் அவ்வளவு கெஞ்சவில்லை. கெஞ்சத் தெரிந்த இடத்தில்தானே கெஞ்ச முடியும்.

ருச்சிர அன்று காலை வரவில்லை. அன்று மட்டும் அல்ல, இன்று வரை வரவில்லை. வருவான், வருவான் என்று உங்களை இழுத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு சோமலதா மெடம் வந்தார். முதல் நாளே சார் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பிள்ளையைப் படத்தில் பார்த்தது, செயலாளர் வாக்குக் கொடுத்தது, காலையில் வந்துவிடுவான் என்பது, எல்லாவற்றையும். அந்தம்மா விடியவே கிரிபத், நல்ல நாளுக்கு ஆக்குகிற பாற்சோறு, வைத்து, கட்டச் சம்பல் இடித்து, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பொறுக்க முடியாமல் போயா நாளில் பஸ் தேடிப் பிடித்து வந்துவிட்டார். வெள்ளைச் சேலை, விகாரைக்குப் போகிறவர்கள் மாதிரி. நேராக என் அறைக்கு வந்து, சாருக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரைக்கு முன்னால், சேலையைச் சரிசெய்துகொண்டு.

"இன்னும் வரல்ல" என்றார். "பரவாயில்ல, பின்னேரம் விடுவாங்களாக்கும். அது வரைக்கும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்க. நானும் ஒருக்காப் பாத்திடுறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போடுங்க நங்கி."

"படம் இல்ல, லதா" என்றார் சார்.

"நேத்து இருந்ததெண்டு சொன்னீங்களே."

"அழிச்சிட்டாங்க."

"யாரு? இவங்களா?" என்று என்னைப் பார்த்தார்.

"இல்ல. அமைச்சில."

"அமைச்சுக்கு எப்பிடிப் போனது?"

அவர் மேசையில் கிடந்த உறையை நேராக்கி வைத்தார். மெடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்பது போல மறுபடியும் பொறுமையாகக் கேட்டார். "அங்க எப்பிடிப் போனது? யார் கொண்டு போனது?"

"நான்தான் கொண்டு போனேன்."

"வேற ஒண்டு எடுத்து வைச்சுக்கொண்டுதானே குடுத்தீங்க?"

"இல்ல."

"ஏன்?"

ஜனாதிபதியின் ஒரு மணி நேர உரையை மூன்று வாக்கியமாக்கத் தெரிந்த மனிதர். எந்த வாயும் மறுத்துப் பேச முடியாதபடி எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர். 

"கேட்டாங்க" என்றார்.

  மெடம் அழுவார், சத்தம் போடுவார், அவரை அடித்தால் கூடப் பரவாயில்லை என்று எனக்குள் இருந்தது. அவர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க பாத்தீங்கதானே நங்கி. பாத்ததைச் சொல்லுங்க."

சொன்னேன். லொறியின் பின்தட்டில் ஓரமாக இருந்தான் என்றேன். மஞ்சள் சட்டை, கை மடித்து விட்டிருந்தான் என்றேன். முகத்தில் காயம் ஒன்றும் தெரியவில்லை என்றேன், அது உண்மைதான். ஜீப் பக்கத்தில் போனபோது கையைத் தூக்கினான், சிரித்தான் என்றேன்.

"சிரிச்சானா?"

"ஓம் மெடம்."

"லொறியில ஏத்தி வைச்சிருக்கிறாங்க, என்னத்துக்குச் சிரிச்சான்?"

எனக்கு விளங்கியிருந்தது. முதல் தடவை பார்த்தபோதே விளங்கியிருந்தது. ஆனால் அந்த வார்த்தையை ஒரு தாயிடம் சொல்ல என் நாக்கு எழவில்லை. சார்தான் சொன்னார், பூச்சி பறந்துகொண்டிருந்த திரையைப் பார்த்தபடியே.

"ஜீப்பில எங்கட சின்னம் போட்டிருக்கு, லதா. அதைப் பாத்திருப்பான். அப்பாட ஆக்கள் வந்திட்டாங்க, இனிப் பயமில்ல எண்டு நினைச்சிருப்பான்."

மெடம் அவர் பக்கம் திரும்பினார்.

"ஓம்" என்றார். "நானும் இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சார் அவரோடு போகவில்லை. எட்டு மணிச் செய்திக்கு இன்னும் வரிசை போட்டு முடிக்கவில்லை.